குடைவதா, வார்ப்பதா: கரிக்கு எந்த ரசாயனம்?

வாயுவையோ சாயத்தையோ பிடிப்பதற்காகக் கரிக்குள் துளை உண்டாக்க ஆய்வகங்களில் புழங்கும் ரசாயனங்கள் அதிகம் இல்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பாஸ்பாரிக் அமிலம், ஜிங்க் குளோரைடு ஆகிய மூன்றும்தான் முக்கியம். கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்தால் நான்கு. இதில் எதை எடுப்பது என்று கேட்டு வருகிறவர்கள் அநேகமாக இப்படித்தான் கேட்பார்கள்: "எதில் புறப்பரப்பு அதிகம் வரும்?"

அதற்குப் பதில் சொல்வது சுலபம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. துளைச் சுவர்களையெல்லாம் சேர்த்தால் கிராமுக்கு 3000 சதுர மீட்டர்கூட வரும். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நானும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினேன். ஹைட்ராக்சைடு போட்டு 700 டிகிரியில் ஒரு கரி செய்தேன். புறப்பரப்பு அளந்து வந்தபோது எண்ணைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சந்தோஷம். மறுநாள் அதை காங்கோ ரெட் சாயக் கரைசலில் போட்டு ஆட்டினேன். மாலை வரை ஆட்டியும் கரைசல் சிவப்பாகவே இருந்தது. பக்கத்து மேசையில் பாஸ்பாரிக் அமிலத்தில் செய்த கரி. அதன் புறப்பரப்பு என்னுடையதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அது போட்ட கரைசல் மதியத்துக்குள் வெளுத்துவிட்டது. காங்கோ ரெட் நீளமான மூலக்கூறு. என் கரியில் இடம் இருந்தது, வாசல் இல்லை.

வாசலின் அகலம்

துளைகளை அகலத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பது, வேதியியலாளர்களின் உலக அமைப்பான ஐயுபேக்கின் வழக்கம். 2 நானோமீட்டருக்குக் கீழே நுண்துளை, 2 முதல் 50 வரை இடைத்துளை, அதற்கு மேல் பெருந்துளை. நுண்துளையிலேயே 0.7க்குக் கீழ் உள்ளவை தனிச் சாதி. வாயு பிடிக்கிறவர்களுக்கு அவைதான் உயிர்.

புறப்பரப்பு என்று நாம் சொல்லும் எண், புருனாயர், எம்மெட், டெல்லர் மூவரும் 1938இல் தந்த சமன்பாட்டிலிருந்து வருகிறது. 77 கெல்வினில் நைட்ரஜனை விட்டு, ஒற்றை அடுக்காக எத்தனை மூலக்கூறு உட்கார்ந்தது என்று கணக்கிட்டு, ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் 0.162 சதுர நானோமீட்டர் என்று பெருக்குவார்கள். தட்டையான பரப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தும். மூலக்கூறு ஒன்றிரண்டு மட்டுமே நுழையும் இடுக்கில் அடுக்கு என்ற பேச்சுக்கே அர்த்தம் குறைவு. அங்கே துளை நிரம்புவதைத்தான் பரப்பு என்று எண்ணிவிடுகிறோம். ஒற்றை கிராஃபீன் தாளின் இரு பக்கத்தையும் சேர்த்தாலே கிராமுக்கு 2630 சதுர மீட்டர்தான் வரும். 3500 என்று யாராவது எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். உடைந்த தாள்களின் ஓரங்கள் கொஞ்சம் கூட்டித் தரும் என்பது உண்மை. மிச்சத்தில் நல்ல பங்கு கணக்கின் குறும்பு.

எண்ணை விட, அழுத்தம் ஏற ஏற எவ்வளவு நைட்ரஜன் உள்ளே போகிறது என்று காட்டும் வளைகோட்டைப் பாருங்கள். தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறி உடனே தட்டையானால் எல்லாம் குறுகிய நுண்துளை. முழங்கை மடிவதுபோல் மெல்ல வளைந்து தட்டையானால் துளைகள் 2 நானோமீட்டரை நெருங்கிவிட்டன. ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது ஒரு வழி என்று நடுவில் வளையம் தெரிந்தால் இடைத்துளை இருக்கிறது. நாம் எடுக்கிற ரசாயனம் மாற்றுவது பெரும்பாலும் இந்த முழங்கையைத்தான்.

இரண்டு தொழில்கள்

இந்த ரசாயனங்களை ஒரே வரிசையில் நிறுத்தி ஒப்பிடுவது என்னைக் கேட்டால் சரியில்லை. இவை செய்வது இரண்டு வேறு வேலைகள்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சிற்பி மாதிரி. ஏற்கனவே கரியாக இருக்கிற ஒன்றை உள்ளே புகுந்து குடைகிறது. பாஸ்பாரிக் அமிலமும் ஜிங்க் குளோரைடும் வார்ப்புக்காரர்கள். மரம் இன்னும் மரமாக இருக்கும்போதே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், தம்மைச் சுற்றிக் கரி உருவாகட்டும் என்று காத்திருக்கும், கழுவினால் வெளியேறும், அவை இருந்த இடம் துளையாகிவிடும்.

இது உவமை மட்டும் இல்லை, முதல் முடிவே இங்கேதான். உங்களிடம் இருப்பது பெட்ரோலியக் கோக் கரியோ, ஆந்திரசைட் நிலக்கரியோ, ஏற்கனவே சுட்டெடுத்த கரியோ என்றால் அமிலத்தில் ஊறவைத்துப் பெரிய பலன் கிடையாது. அமிலம் பிடித்து வளைக்க செல்லுலோஸும் லிக்னினும் வேண்டும். கெட்டிப்பட்ட பானைக்குள் அச்சு வைக்க முடியாது. மாறாக, மரத்தூள், ஓடு, கொட்டை என்று பச்சையாக இருந்தால் இரண்டு வழியும் திறந்திருக்கிறது. அங்கேதான் உண்மையான ஒப்பீடு.

குடைகிறவர்

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சுமார் 400 டிகிரியை ஒட்டி உருகி, கரியோடு வினை புரியத் தொடங்கும். ஆறு மூலக்கூறு ஹைட்ராக்சைடும் இரண்டு கார்பன் அணுவும் சேர்ந்தால் இரண்டு பொட்டாசியம் அணு, மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு, இரண்டு பொட்டாசியம் கார்பனேட்டு. 600 டிகிரி வரும்போது ஹைட்ராக்சைடு பெரும்பாலும் தீர்ந்து கார்பனேட்டாகிவிட்டிருக்கும். 700க்கு மேல் அந்தக் கார்பனேட்டும் சும்மா இருக்காது: சிதைந்து கார்பன் டை ஆக்சைடைத் தரும், கார்பனோடு நேராகவும் வினை புரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேற்றும். இரண்டிலும் கரி தேய்கிறது.

இதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. பொட்டாசியம் உலோகம் ஏறத்தாழ 760 டிகிரியில் கொதிக்கும். அந்த ஆவி கார்பன் அடுக்குகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை விலக்குகிறது. கழுவிய பிறகு உலோகம் போய்விடும், விலகிய அடுக்கு பழையபடி ஒட்டாது. அரிப்பு, வாயு, விலக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஹைட்ராக்சைடுக்கு அந்தப் பெயர்.

திருகுவதற்கு இரண்டு குமிழ்கள் உண்டு: விகிதமும் வெப்பமும். கரிக்கு ஒன்றிரண்டு மடங்கு ஹைட்ராக்சைடு, 600 அல்லது 700 டிகிரி என்றால் கிடைப்பது குறுகிய நுண்துளை. நான்கு மடங்கு, 800க்கு மேல் என்றால் துளைச் சுவர்கள் தேய்ந்து பக்கத்துத் துளையோடு சேரும். அகலம் 2, 3 நானோமீட்டர் வரை போகும். புறப்பரப்பு எண் உச்சத்தைத் தொடும். அதற்கும் மேலே போனால் சுவரே மிஞ்சாது, எண்ணும் இறங்கத் தொடங்கும்.

விலை என்ன? முதலில் மகசூல். பச்சை மரத்தூளோடு நேராகக் கலந்து சுட்டால் பத்தில் ஒன்றிரண்டு பங்கு மிஞ்சுவதே பெரிது. அதனால்தான் முதலில் 400, 500 டிகிரியில் கரியாக்கிவிட்டு அப்புறம் கலக்கிறார்கள். இரண்டாவது, கலம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். படகு வடிவ அலுமினாக் கலத்தில் கலவையை வைத்து 800 டிகிரிக்கு அனுப்பினேன். வெளியே வந்த படகின் அடியில் கண்ணாடி பூசியதுபோல் ஒரு படலம், கரி அதில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சுரண்டியெடுத்து, கழுவி, உலர்த்தி எடை போட்டால் மகசூல் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது. படகிலிருந்து கரைந்து வந்த அலுமினாவையும் சேர்த்து எடை போட்டிருக்கிறேன் என்று புரிய ஒரு வாரம் ஆனது. நிக்கல் கலம் இதைத் தாங்கும்.

மூன்றாவது, ஆபத்து. உலைக் குழாயின் குளிர்ந்த முனையில் பொட்டாசியம் உலோகம் படிந்திருக்கலாம், கரிக்குள்ளும் இருக்கலாம். அதன்மேல் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனும் தீயும்தான். நைட்ரஜன் ஓட்டத்திலேயே முழுக்கக் குளிரவிட்டு, ஈரம் கலந்த நைட்ரஜனை மெல்ல அனுப்பி அடக்கிய பிறகே திறக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த ரசாயனம் ஆகாது.

இதற்கு ஒரு எதிர்பாராத நன்மையும் உண்டு. உமி போன்று சிலிக்கா நிறைந்த மூலப்பொருளில் காரம் அந்தச் சிலிக்காவையும் சிலிக்கேட்டாகக் கரைத்துக்கொண்டு போகும். அது இருந்த இடமும் துளைக் கணக்கில் சேரும். பாஸ்பாரிக் அமிலத்தால் இது ஆகாது, சிலிக்கா அப்படியே கரியில் தங்கிவிடும்.

வார்க்கிறவர்

பாஸ்பாரிக் அமிலத்தின் வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம், அதுதான் அதன் அழகு. மரத்தூளை அமிலத்தில் ஊறவைத்து 100 டிகிரி அடுப்பில் வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்துத் திறந்தால் தார் மாதிரி கறுத்துப் போயிருக்கும். உலைக்கே இன்னும் போகவில்லை! அமிலம் செல்லுலோஸின் இணைப்புகளை வெட்டி, நீரைப் பிரித்தெடுத்து, பாதி வேலையை முடித்துவிட்டது.

வெட்டுவதோடு நிற்காமல் அமிலம் தைக்கவும் செய்கிறது. பாஸ்பேட் எஸ்டர்களாக மாறி, துண்டான சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுகிறது. இந்தப் பாலங்களால் கட்டமைப்பு 200 டிகிரிக்கு மேல் உப்பி விரிகிறது. விரிவு உச்சத்தில் இருக்கும் 450 டிகிரி அளவில்தான் புறப்பரப்பும் உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் பாஸ்பேட் பாலங்கள் முறிய, கட்டமைப்பு சுருங்கி, துளைகளும் குறுகும். எனவே ஹைட்ராக்சைடில் பழகியவர்கள் "இன்னும் நூறு டிகிரி ஏற்றிப் பார்ப்போம்" என்று இங்கேயும் ஏற்றுவது வீண் வேலை. இந்த அமிலத்தில் குமிழ் வெப்பம் அல்ல, விகிதம். அமிலம் குறைவாக இருந்தால் நுண்துளை; அமிலம் ஏற ஏற இடைத்துளை. பெரிய மூலக்கூறு பிடிக்க வேண்டுமா, விகிதத்தை ஏற்றுங்கள், உலையைத் தொடாதீர்கள்.

புறப்பரப்பு 1000 முதல் 1500, சில சமயம் 2000 அருகில். எண்ணில் ஹைட்ராக்சைடோடு போட்டியிட முடியாது. மற்ற எல்லாவற்றிலும் இதற்கே கை ஓங்கும். ஒரே சூட்டில் வேலை முடியும். வெப்பம் பாதி. மூலப்பொருளின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதமோ அதற்கு மேலோ கரியாகக் கையில் நிற்கும். கார்பனை வாயுவாக விரட்டாமல் உள்ளேயே பிடித்து வைப்பதால் வரும் லாபம் இது. வெந்நீரிலேயே பெரும்பாலான அமிலம் வெளியே வரும், அதைத் திரும்பப் பயன்படுத்தலாம். கொஞ்சம் பாஸ்பரஸ் எப்படியும் கரியில் தங்கும். அது குறையா? உலோக அயனி பிடிக்க வேண்டும் என்றால் அந்த அமிலக் குழுக்களே கைகொடுக்கும். மின்முனைக்கோ தூய வினையூக்கித் தாங்கிக்கோ வேண்டும் என்றால் தலைவலி.

கழிவுநீரில் பாஸ்பேட் போவதை மட்டும் மறக்கக் கூடாது. குளத்தில் சேர்ந்தால் பாசிக்கு விருந்து.

பழையவரும் அமைதியானவரும்

ஜிங்க் குளோரைடுதான் இவர்களில் மூத்தவர். ரஃபேல் ஃபான் ஓஸ்ட்ரெய்கோ 1900ஐ ஒட்டி எடுத்த காப்புரிமைகளிலேயே உலோகக் குளோரைடுகளோடு சேர்த்துச் சுடும் முறை வந்துவிட்டது. நீராவி முறையும் அவருடையதே. ஜிங்க் குளோரைடு சுமார் 290 டிகிரியில் உருகி, நீரை உறிஞ்சி இழுத்து, 500, 600 டிகிரியில் நல்ல சீரான துளைகளைத் தரும். விகிதத்தை ஏற்றினால் துளை விரியும். தார் குறைவு, மகசூல் நன்று. தரத்தில் குறை சொல்ல முடியாத கரி அது.

ஆனாலும் இன்றைக்கு ஒருவர் புதிதாகத் தொடங்குகிறார் என்றால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூட்டில் ஆவியாகி உலையைத் தின்னும், நுரையீரலையும் விடாது. வெறும் தண்ணீரில் முழுக்கக் கழுவ முடியாது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். அப்போதும் கொஞ்சம் துத்தநாகம் துளைகளில் ஒளிந்திருக்கும். அதனாலேயே உணவு, மருந்துத் தொழில்களில் இந்தக் கரிக்கு வரவேற்பு இல்லை. கழுவிய நீர் மீன்களுக்கு நஞ்சு. பாஸ்பாரிக் அமிலம் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும்போது இந்தத் தொல்லை எதற்கு?

பொட்டாசியம் கார்பனேட்டுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். ஹைட்ராக்சைடு 600 டிகிரிக்குள் தானே கார்பனேட்டாக மாறிவிடுகிறது என்று மேலே பார்த்தோம். அப்படியானால் அங்கிருந்தே தொடங்கினால் என்ன? தொடங்கலாம். 800 டிகிரி வேண்டும். புறப்பரப்பு உச்சம் வராது, ஆனால் குறுகிய நுண்துளைகள் நன்றாகவே வரும். கையில் பட்டால் தோலை அரிக்கும் ஹைட்ராக்சைடு வில்லைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், காற்றின் ஈரத்தை இழுத்து அரை மணியில் கூழாகும் தொல்லையும் குறைவு. 800 டிகிரியில் பொட்டாசியம் உலோகம் இதிலும் உருவாகும் என்பதால் திறக்கும்போது அதே எச்சரிக்கை வேண்டும்.

ரசாயனமே வேண்டாம், நீராவி போதும் என்ற ஐந்தாவது வழியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கரியாக்கிய பிறகு 800 முதல் 1000 டிகிரியில் நீராவியோ கார்பன் டை ஆக்சைடோ அனுப்பினால் அதுவும் மெல்லக் குடையும். கழுவும் வேலையே இல்லை. தேங்காய் ஓட்டுக் கரியை இப்படிச் செய்து மின்தேக்கி மின்முனைகளுக்கு விற்கிறார்கள். கிராமுக்கு 1500, 1700 சதுர மீட்டர் அளவில் இருக்கும் அந்தக் கரி இன்னும் சந்தையில் நிற்கிறது. 3000 எட்டும் ஹைட்ராக்சைடு கரிகள் எடைக்கு ஜெயிக்கும். ஆனால் பஞ்சுபோல் இலேசானவை. கருவியின் கொள்ளளவு லிட்டரில்தானே இருக்கிறது.

உங்கள் மூலக்கூறு எது?

கார்பன் டை ஆக்சைடு என்றால் ஹைட்ராக்சைடு, ஆனால் அடக்கமாக. அறை வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் இந்த வாயுவைப் பிடிப்பவை 0.8 நானோமீட்டருக்குக் கீழுள்ள துளைகள்தான். இரண்டு சுவரும் சேர்ந்து இழுக்க வேண்டும். 2011இல் வந்த ஒரு மரத்தூள் ஆய்வில் இரண்டு மடங்கு ஹைட்ராக்சைடு, 600 டிகிரி என்ற மிதமான பக்குவத்தில் செய்த கரி, 25 டிகிரியில் கிராமுக்கு சுமார் 4.8 மில்லிமோல் பிடித்தது. அதைவிடப் புறப்பரப்பு அதிகமுள்ளவை பின்தங்கின. இந்த இடுக்குகளை அளக்க 77 கெல்வின் நைட்ரஜன் போதாது. அந்தக் குளிரில் அது உள்ளே போகவே திணறும். 273 கெல்வினில் கார்பன் டை ஆக்சைடை விட்டு அளக்க வேண்டும்.

ஹைட்ரஜனை 77 கெல்வினில் சேமிப்பது மட்டும் புறப்பரப்பைக் கேட்பவர்களுக்கு நேரான பதில் தரும் இடம். கிராமுக்கு ஒவ்வொரு 500 சதுர மீட்டருக்கும் எடையில் ஏறத்தாழ 1 சதவீதம் என்பது சஹீன் விதி. இங்கே ஹைட்ராக்சைடை தாராளமாகப் போடலாம்.

மின்தேக்கியில் கதை வேறு. துளை மின்பகுளி அயனியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 1 நானோமீட்டருக்குக் கீழே போனால் அயனி தன் கரைப்பான் உறையைக் கழற்றிவிட்டு நுழைகிறது, மின்தேக்கு திறன் கூடவே செய்கிறது என்று 2006இல் தெரிந்தது. ஆனால் வேகமாக ஏற்றி இறக்க வேண்டுமானால் இடுக்குக்குப் போகும் சாலையும் வேண்டும். நுண்துளையோடு கொஞ்சம் இடைத்துளையும் கலந்த கரியே நடைமுறையில் ஓடும். ஹைட்ராக்சைடை மூன்று, நான்கு மடங்கில் எடுக்கலாம்.

தண்ணீரில் சாயம், மருந்து எச்சம், நிறமூட்டும் கரிமப் பொருள் என்றால் யோசிக்காமல் பாஸ்பாரிக் அமிலம். சோதிக்க பெரிய கருவி வேண்டாம். கரி எவ்வளவு அயோடின் பிடிக்கிறது என்ற அயோடின் எண் குறுகிய துளைகளைச் சொல்லும். மெத்திலீன் புளூ சாயம் எவ்வளவு பிடிக்கிறது என்பது சுமார் 1.5 நானோமீட்டருக்கு மேற்பட்டவற்றைச் சொல்லும். அயோடின் எண் உயர்ந்து மெத்திலீன் புளூ தாழ்ந்தால், என் காங்கோ ரெட் கரியின் தம்பி அது.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லையா? ஒரே மூலப்பொருளை மூன்று பங்காக்குங்கள். ஒன்றை ஒன்றரை மடங்கு பாஸ்பாரிக் அமிலத்தில் 450 டிகிரிக்கு, இன்னொன்றை முதலில் கரியாக்கி இரண்டு மடங்கு ஹைட்ராக்சைடோடு 700க்கு, மூன்றாவதை அதே கரியாக்கிக் கார்பனேட்டோடு 800க்கு அனுப்புங்கள். மூன்றையும் கழுவி, கடைசி நீர் பி.எச். தாளில் 7 காட்டிய பிறகு, நீங்கள் பிடிக்க நினைக்கும் அதே மூலக்கூறில் போட்டுப் பாருங்கள். புறப்பரப்பை அதற்கப்புறம் அளந்தால் போதும். உலைக்கு அனுப்புவதற்கு முன்னாலும், கரியை எடுத்த பின்னாலும், காலிக் கலத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.